ரத்தம் வந்தாத்தான் லீவு

இல்ல சிஸ்டர், என் வீட்டுக்காரரு வெட்டல. நீங்க எத்தன தடவ மாத்தி மாத்திக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். போலீசுக்கெல்லாம் போன் போடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவர உள்ள மட்டும் விட்டுடாதீங்க. உங்ககிட்ட தனியாப் பேசணும்னுதான் நான் இங்க வந்து உக்காந்திருக்கேன். ம், குத்துங்க. ஊசியெல்லாம் எனக்கு எம்மாத்திரம்.

எப்படி நம்பறதா? கையில இருக்கற அந்த வெட்டப் பாருங்க, கோடு கிழிச்ச மாதிரி இருக்கு. அவருக்கு ஒரு ஈரலக்கூட நேரா அறுக்கத் தெரியாது. கல்லாப் பெட்டிக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு அதட்ட மட்டுந்தான் தெரியும். எங்களோடது கறிக்கடை சிஸ்டர். கொழுந்தன் ஆட்ட அறுத்து உரிச்சுத் தொங்க விடுவான், நான் வெட்டுவேன், வீட்டுக்காரரு காசு வாங்கிப் போடுவாரு. விடிஞ்சதுலேர்ந்து மத்தியானம் வரைக்கும் கறி வெட்டற கட்டை முன்னாடி நின்னு தொடை, விலா, கழுத்துன்னு போட்டுத் தள்ளிக்கிட்டே இருப்பேன். எலும்பு தெறிச்சு மூஞ்சில அடிக்கும். தொடச்சுக்கிட்டு அடுத்த ஆளுக்கு வெட்டணும்.

அடிப்பாரான்னா... அடிப்பாரு, ஏன் பொய் சொல்லணும். முதுகுல ரெண்டு வைப்பாரு. நானும் வாங்கிக்கிட்டு சும்மா நிக்கற ஆளு இல்ல. ஒருதடவ கன்னத்துல அறைஞ்சாரு, நான் அவரு முன்னங்கையைக் கடிச்சேன் பாருங்க, சதை பிஞ்சு வாயோட வந்துடுச்சு. இன்னமும் முழுக்கைச் சட்டையாப் போட்டு மறைச்சுக்கிட்டுத் திரியறாரு. கொழுந்தனுக்கு என்கிட்ட ஏதாவது கேக்கணும்னா, மொதல்ல கத்திய எட்டாத எடத்துல எடுத்து வச்சுட்டுதான் வாயத் தொறப்பான். சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

எங்க கடையில ஒரு சட்டம் இருக்கு. மாமியார் போட்டது. அந்தம்மா போய்ச் சேந்துட்டாங்க, சட்டம் போகல. ரத்தம் வந்தா ஆஸ்பத்திரி, வரலன்னா கட்டை. காய்ச்சல், தலைசுத்தல், வயித்துவலி, இதெல்லாம் வேலைக்கு டிமிக்கி குடுக்கறவங்க சொல்ற சாக்காம். கொழுந்தன் ஒருதடவ வெரல் நுனிய சீவிக்கிட்டான், நகத்தளவு. ஷட்டர எறக்கிட்டு மொத்தக் குடும்பமும் அவனத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு. எனக்கு மொதப் புள்ள வயித்துலயே கலைஞ்சுது சிஸ்டர், கட்டை முன்னாடி நிக்கறப்பவே. கால் வழியா எறங்குது. மாமியார் பாத்துட்டு, பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வர்றதுதான், இது கணக்குல வராதுன்னுட்டாங்க. தண்ணிய ஊத்திக் கழுவி விட்டுட்டு வெட்டினேன். கையில கத்தி இருந்துச்சு, பக்கத்துலயே அந்தம்மா நின்னாங்க. எப்படித்தான் விட்டேனோ. இப்ப நெனச்சாலும் எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது.

என்னது? உங்க உடம்ப நீங்கதான் பாத்துக்கணுமா? லேசா சொல்லிட்டீங்க. அந்த வீட்டுல இருக்கற எல்லா உடம்பையும் நான்தான் பாக்கறேன். மாமியாரு கால்புண்ணுல புழு வச்சப்ப மூக்கப் பொத்திக்கிட்டு மகனுங்க ரெண்டு பேரும் வாசலுக்குப் போயிட்டானுங்க, நான்தான் ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டேன். வீட்டுக்காரருக்கு பிரஷர் மாத்திரை ஒருவேளை எடுத்துக் குடுக்க மறந்தா, நான் சாகணும்னு பாக்கறியாடின்னு தட்ட விட்டெறிவாரு. மாத்திரை அவரு தலைமாட்டுலயேதான் இருக்கும். அவரு உடம்புக்கு நான் பொறுப்பு. என் உடம்புக்கு என்னாச்சுன்னு கேக்க நாதியில்ல.

அதுலதான் போன வாரம் சண்டை. எனக்கு டாக்டரம்மாவப் பாக்கணும்னு சொன்னேன். ஹோட்டல் ஆர்டர் முடியட்டும்னாரு. மழைக்கு முன்னாடிலேர்ந்து இதையேதான் சொல்றாரு. ஒத்தையாப் போகலாம்னா, கடைய யாரு பாப்பான்னு வழிய மறிச்சுக்கிட்டு நிக்கறது. வலிக்குதான்னு கேட்டாரு. வலிக்கலன்னேன். வலிக்காததுக்கு எதுக்குடி டாக்டருன்னு சிரிச்சாரு. கொழுந்தனும் கூடச் சேந்து சிரிச்சான். என் கையில ரெண்டு கிலோ எடைக்கல்லு இருந்துச்சு. விட்டேன் ஒண்ணு. வீட்டுக்காரரு புருவம் பொளந்துக்கிச்சு. தேங்கா ஒடைஞ்ச சத்தம்.

அப்புறம் என்ன, அடுத்த நிமிஷம் ஷட்டர் எறங்கிடுச்சு. வண்டி வந்துடுச்சு. இதே ரூமுதான் சிஸ்டர், இதே பெஞ்சு. அன்னிக்கு வேற ஒருத்தங்க தையல் போட்டாங்க. அவ்வளவு நேரமும் அவரு என் கைய விடவே இல்ல, ஸ்கூல்ல விட்ட புள்ள மாதிரி. ரெண்டு கதவு தள்ளி டாக்டரம்மா ரூமு, வெளிய பெஞ்சுல நாலஞ்சு பொம்பளைங்க உக்காந்திருந்தாங்க. ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடறேன்னேன். மண்டைய ஒடச்சுட்டு இப்ப விட்டுட்டுப் போறியான்னு ஒப்பாரி வச்சாரு. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. எனக்கு அவமானமாப் போச்சு, கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். என்மேலயே எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

அப்ப யாரு வெட்டினதுன்னுதானே? அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்களே. நான்தான் சிஸ்டர். வேற யாரு.

ஐயோ, பைத்தியமெல்லாம் இல்ல, அப்படிப் பாக்காதீங்க. சுடுதண்ணில கத்தியக் கழுவிக்கிட்டேன். இடது கைய கட்டை மேல விரிச்சு வச்சேன். கட்டவெரலுக்குக் கீழ சதை தடிப்பா இருக்குல்ல, அங்க இழுத்தா வெரல் மடக்க முடியாமப் போகாதுன்னு ஒரு கணக்கு. தப்பாப் போயிருந்தா போயிருக்கட்டும். ஒரே இழுப்பு. கொழுந்தன் வீல்னு கத்தினான். வீட்டுக்காரரு கல்லாவ அப்படியே போட்டுட்டு ஓடி வந்து, தன் சட்டையக் கிழிச்சுக் கட்டினாரு. வண்டியில வர்றப்ப வலிக்குதாம்மான்னு கேட்டாரு. கல்யாணமாகி இத்தன வருஷத்துல என்னைய அம்மான்னு கூப்பிட்டது இன்னிக்குத்தான்.

ம்? எதுக்காகவா?

மார்ல ஒரு கட்டி. இடது பக்கம். மொதல்ல பட்டாணியாட்டம் இருந்துச்சு, இப்ப எலுமிச்சங்கா அளவு. கல்லு மாதிரி நகராம நிக்குது. ஆட்டுக் கறியில இப்படி ஒண்ணு கையில தட்டுப்பட்டா, அறுத்து நாய்க்கு வீசிட்டு மிச்சத்த எடை போட்டுடுவேன். எனக்கும் அப்படியே பண்ணிக்கலாமான்னு கத்திய வச்சுக்கிட்டு ஒருநாள் நின்னுருக்கேன், தெரியுமா. அதுக்குப் பயமாயிடுச்சு. கைன்னா பழகினதுதானே.

கட்டு போட்டாச்சா? சரி. அவரு கதவத் தட்டினா, தையல் இன்னும் முடியலன்னு சொல்லிடுங்க. தாழ்ப்பாளப் போட்டுட்டு வந்து, சேலைக்கு மேல போட்டிருக்கற இந்தச் சட்டை பட்டன கொஞ்சம் கழட்டி விடுங்க சிஸ்டர். ஒத்தக் கையால வரல.