நெறி கட்டாத அக்குள்

பிள்ளையார்பாளையத்தில் அம்மை குத்திக்கொள்ள வரிசையில் நின்றிருந்தேன். வெயில்கூட அன்று காய்ச்சல் கண்டதுபோல் கிடந்தது. எனக்கு முன்னால் நின்ற நெசவாளர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, அம்மை குத்துகிறவரிடம் சொன்னார்:

“போன மாசம் எம் பொண்டாட்டிக்கு நீங்க குத்துனதை நான்தான் தொடச்சி வுட்டேன் சார்.”

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: “குத்திக்க பயந்துக்கினு கதை வுடறாரு பாரு!”

குத்துகிறவர் சிரிக்கவில்லை. “ஏம்பா தொடச்சே?”

“கை வீங்கும்னாங்க. தறியில எதிர்ப்பக்கம் ஒக்காந்து கரைக்கு நாடா தள்ள அவளை வுட்டா எனக்கு யாரு? கல்யாணச் சேலை வேற அவசரம். நீங்க தெரு முனை தாண்டறதுக்குள்ள ஈரத்துணியால அழுத்தித் தொடச்சிட்டேன்.”

“அக்குள்ல நெறி கட்டுச்சா?”

“இல்ல சார். நல்லவேளைன்னு ரெண்டு பேரும் சிரிச்சிக்கினு இருந்தோம்.”

“அடப்பாவி, கட்டியிருந்தாத்தான்யா நல்லது! நாங்க வெக்கிறது பெரியம்மைக்குப் பங்காளிக் கிருமி. தோல்ல காவல் இருக்கிற அணு, அதுல ஒரு துணுக்கை அக்குளுக்குத் தூக்கிக்கினு போயி, ‘இதான் எதிரி, பாத்து வெச்சிக்கோ’ன்னு உள்ள இருக்கிற படைக்குக் காட்டுமாம்.”

“நாங்க சாயக்காரருக்கு மாதிரி நூல் காட்டற கணக்கா.”

“அதேதான். நீதான் காட்டவே வுடலியே. இப்ப எப்படி இருக்குது அந்தம்மாவுக்கு?”

“அம்மை போட்டுப் போயிட்டா சார், முந்தாநாள்தான் எடுத்தோம். சேலை தறியிலயே நிக்குது.”

அவருக்குக் குத்தி முடிந்தது. அந்தக் கையைச் சட்டையில் படாமல், உடம்பில் படாமல், தூரத் தூக்கிப் பிடித்துக்கொண்டே தெருவில் நடந்து போனார்.