பெட்டி திறக்கும் முன்னே எழுதிய கேக்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அழகாகத் தெரிய வேண்டுமே என்று மூக்குக்கண்ணாடியை அடுப்படியிலேயே விட்டுவிட்டு மேடையேறிவிட்டேன். சற்றுமுன் முன்வரிசையில் நான் பணிந்து வணங்கியது நாற்காலியில் தொங்கிய ஒரு மேலங்கியையாம்.

மாட்சிமிகு ஆய்வுக்குழுத் தலைவர் டாக்டர் கோன்செத் அவர்களே! ஆய்வுலகின் மூத்தோரே! ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கணினியுமாக வந்திருக்கும் தாய்மார்களே! என் சமையலைச் சாப்பிட்டும் சாகாத சான்றோரே! கேன்டீன் ஹ்யூகெட்டின் வணக்கம்.

இந்த ஜூரா மலையடியில், நம் காலுக்கு வெகு ஆழத்தில், புரோட்டானும் புரோட்டானும் மோதுகின்றன. கோடானுகோடி மோதலில் எப்போதாவது, ஒவ்வொன்றும் தங்க அணுவின் கனத்தை நெருங்கும் துகள்கள் நான்கு ஒன்றாய்ப் பிறக்கின்றன. பிறந்த கணமே மறைகின்றன. அந்த அபூர்வம் எத்தனை முறை நடக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் உழைத்து அளந்தது யார்? மயேலிஸ் பிட்டே! அவளை எங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள்? கடைசி வரிசையில், குடைகளுக்குப் பக்கத்தில்!

உங்கள் வழக்கம் எனக்கும் தெரியும். துகளைச் சலிக்கும் சல்லடையை முதலில் செய்து முடிக்க வேண்டும். இனி அதில் கைவைக்க மாட்டோம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை விடை பெட்டிக்குள் மூடியே இருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைக்கும் என்றுதானே இந்தக் கட்டுப்பாடு? ஆனால் பெட்டி திறக்கும் முன்பே தலைவர் என்னிடம் கேக் செய்யச் சொன்னார். மேலே பெரிதாக '2' போடச் சொன்னார். பழைய கணக்கு சொன்ன அளவுக்கு இரு மடங்கு வருமாம், வந்தால் புதிய இயற்பியலாம்! என்ன அங்கே சிரிப்பு? நாளைக்கும் என் சூப்பைத்தான் குடித்தாக வேண்டும், நினைவிருக்கட்டும்.

பெட்டி திறந்தது. ஒரு மடங்குதான். பழைய கணக்கு சொன்ன அதே அளவு. கேன்டீனில் வெட்டாத கேக்கைப் பார்த்தபடி தலைவர் மயேலிஸிடம் சொன்னார்: "சல்லடைக் கண்ணக் கொஞ்சம் மாத்திப் பாரும்மா. யாரு கேக்கப் போறாங்க?"

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "விடையப் பாத்தப்புறம் சல்லடைய மாத்துனா, நான் அளந்தது துகள இல்ல சார், உங்க ஆசைய."

அவ்வளவுதான். சரிபார்த்தவர்கள் அவள் விடையையே ஏற்றார்கள். அதைத்தான் இன்று கொண்டாடுகிறோம். ஆனால் அவள் பேச வேண்டிய மேடை போனது. மாத முடிவோடு வேலையும் போகிறது. குழுவோடு ஒத்துப்போகத் தெரியாதவளாம்!

எதனோடு ஒத்துப்போகவில்லை? உண்மையோடு ஒத்துப்போனாளே! உலகத்தோடு ஒத்துப்போனாளே! அளவுகோலை வளைக்காதவளை அனுப்பிவிட்டு, நாளை எதைக்கொண்டு அளப்பீர்கள்? என் அகப்பையைக்கொண்டா? வெட்கமாக இல்லையா? வேலையைத் திருப்பிக் கொடுங்கள். மேடையை இப்போதே கொடுங்கள். எழுந்து வா, மயேலிஸ்!

வருகிறாள். கைதட்டியவர்களுக்கு நன்றி. தலைவர் அவளுக்கு இடம்விட நகர்கிறார். குளிர்சாதனப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த அந்தக் கேக்கையே இன்று மேடை மேசையில் வைத்திருந்தேன். தலைவரின் முழங்கை இப்போது அதில் இருக்கிறது. '2' போய்விட்டது. அனைவருக்கும் வணக்கம்.