பிடிஎஃப்பில் எழுத்து மாறாது

மூத்தவள்: இந்த ஃபைலும் உருப்படியா வரலைம்மா.

இளையவள்: என்னக்கா, மூணாவது தடவை அனுப்பறேன்... இன்னும் என்ன?

மூத்தவள்: எழுத்தே இல்லை. தலைமை ஆசிரியை வாழ்த்துரை இருக்குல்ல, அதுல ஒரு வரிகூட தமிழா இல்லை. இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியும் கலந்துகட்டி... அந்தம்மா பார்த்தா நின்ன இடத்துலயே சாஞ்சிடுவாங்க.

இளையவள்: அப்போ ஃபான்ட் போகலை. என் கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபான்ட் உங்க லேப்டாப்ல இல்லைன்னா அப்படித்தான் தெரியும். ஃபைலோட சேர்த்து அனுப்பணும்... மறந்துட்டேன் போல.

மூத்தவள்: போன வாரமும் இதைத்தானே மறந்தே?

இளையவள்: மறந்தேன். மனுஷிதானே நானும்.

மூத்தவள்: நான் ஒண்ணும் சொல்லலைம்மா. நாளைக்கு விடிஞ்சா பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா. மேடையில ஆண்டு மலரை வெளியிடப் போறாங்க. இன்னும் அச்சுக்குப் பிளேட் போடற கடைக்கே ஃபைல் போகலை. அவர் பிளேட் போட்டுத் தந்தாத்தானே இங்கே அச்சு மெஷின்ல ஏத்த முடியும்?

இளையவள்: இருங்க, காத்துச் சத்தத்துல பாதி கேக்கலை. எங்கே நின்னு பேசறீங்க?

மூத்தவள்: மொட்டை மாடியில. துணி எடுக்கற சாக்குல. நீ?

இளையவள்: குளியலறையில. குழாயைத் திறந்து விட்டிருக்கேன்.

மூத்தவள்: காலையிலேர்ந்து எத்தனை குளியல்டி உனக்கு? உன் வீட்டுக்காரர் ஒண்ணும் கேக்கலையா?

இளையவள்: உங்க கொழுந்தன் என்னை எங்கே கவனிக்கறார்? அவரும் காதுல போனை வெச்சுக்கிட்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துக்கிட்டே இருக்கார். என்ன டென்ஷனோ.

மூத்தவள்: இங்கேயும் இவர் ஒரு நிலையில இல்லை. சரி, ஃபான்ட்டைச் சேர்த்து மறுபடி... ஆமாங்க, அட்டைக்கு வழவழப்புத் தாள்தாங்க வேணும். போன தடவை மாதிரி மெல்லிசா அனுப்பிடாதீங்க. சரிங்க... சரிங்க...

இளையவள்: வந்துட்டாரா?

மூத்தவள்: ...போயிட்டார். மாடிப்படி வரைக்கும் வந்து, துணிக்கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எறங்கிட்டார்.

இளையவள்: தாள் கடைக்காரர் பாவம்கா. நீங்க அவரோட மணிக்கணக்கா பேசறதா பெரியவர் நினைச்சுக்கிட்டிருப்பார்.

மூத்தவள்: நினைக்கட்டும். உன்னோட பேசறேன்னு தெரிஞ்சா மட்டும் வாழ்த்தவா போறார்? 'அந்த வீட்டோட மெயில் மட்டும்தான், பேச்சு வார்த்தை கிடையாது'ன்னு இவர்தானே சட்டம் போட்டார்.

இளையவள்: இவரும் அதேதான் சொன்னார். அண்ணனுக்கு மெஷினாம், தம்பிக்கு கம்ப்யூட்டராம். சட்டி ஒரு வீட்ல, அடுப்பு ஒரு வீட்ல. இப்படியும் ஒரு பாகம் பிரிப்பாங்களா? ரெண்டு தெரு தள்ளி இருக்கற ஃபைலுக்கு மெயில் தேவைப்படுது.

மூத்தவள்: ஃபான்ட் அனுப்பினியா?

இளையவள்: இப்பத்தான் போச்சு. பாருங்க.

மூத்தவள்: லேப்டாப்பைக் கையோட கொண்டுவந்தேன், இரு... வெயில்ல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. தண்ணித் தொட்டி நிழலுக்குப் போறேன். ம்... எழுத்து வந்துருச்சு.

இளையவள்: அப்பாடா.

மூத்தவள்: அவசரப்படாதே. படமெல்லாம் எங்கே? ஓட்டப் பந்தயம், நாடகம், கோப்பை வாங்கின பிள்ளைங்க... எல்லா இடத்துலயும் சாம்பல் கலர்ல பெட்டிதான் இருக்கு.

இளையவள்: ஐயையோ... படத்தைத் தனியா சேர்க்கணும். ஃபைல்ல இருக்கறது அதோட விலாசம் மாதிரிதான், அசல் படம் என் கம்ப்யூட்டர்லயே நின்னு போச்சு.

மூத்தவள்: நீ எத்தனை வருஷமா இந்த வேலை பாக்கறே?

இளையவள்: ஏன் கேக்கறீங்க?

மூத்தவள்: சும்மாதான்.

இளையவள்: குத்திக் காட்டறீங்களா?

மூத்தவள்: இல்லைடி... மனசு சரியில்லை. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். காலையிலேர்ந்து சொல்ல வாய் வரலை.

இளையவள்: என்னக்கா? பயமுறுத்தாதீங்க.

மூத்தவள்: சாயங்காலம் மெஷினைப் பாக்க ஒரு ஆள் வருது.

இளையவள்: ரிப்பேரா?

மூத்தவள்: ரிப்பேருக்கு யார் நீள அகலம் அளப்பாங்க? நேத்து இவர் போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. 'நேர்ல வந்து அளந்துக்குங்க, என்னைக்கு எடுக்கறதுன்னு முடிவு பண்ணிடலாம்'னு.

இளையவள்: விக்கப் போறாரா?

மூத்தவள்: வேற எதுக்கு? கேட்டா, 'பாத்துக்கலாம் விடு'ங்கறார். இந்த ஆண்டு மலரும் நேரத்துக்கு முடியலைன்னு வை... பள்ளிக்கூடம் வேற அச்சகம் தேடிப் போயிடும். அப்புறம் மெஷினை வெச்சு இவர் என்ன பண்ணுவார்?

இளையவள்: மெஷின் போயிட்டா நான் யாருக்கு ஃபைல் அனுப்பறது?

மூத்தவள்: அதையேதான் நானும் நினைச்சேன். நீ ஃபைல் அனுப்பி, அது கெட்டுப்போய், அதைக் கேக்கறேன்னு நான் உன்னைக் கூப்பிட்டு... அதுவும் இல்லைன்னா எனக்கு இந்த வீட்ல பேச்சுத்துணைக்கு யார் இருக்கா?

இளையவள்: அழாதீங்கக்கா.

மூத்தவள்: காத்து கண்ணுல அடிக்குது.

இளையவள்: கேளுங்க, பிடிஎஃப்பாவே அனுப்பிடறேன், பிழை பாக்கறதுக்குன்னு போட்டது போன்லயே இருக்கு. எழுத்து, படம், ஓரம், பக்கம் எல்லாம் அதுக்குள்ளேயே இறுகிடும். எந்தக் கம்ப்யூட்டர்ல திறந்தாலும் ஒரு புள்ளி நகராது. நீங்க அப்படியே பிளேட் கடைக்குத் தள்ளி விட்டுடுங்க. முதல்ல வேலை முடியட்டும்.

மூத்தவள்: ...அதான் வேணும். அனுப்பு.

இளையவள்: அனுப்பிட்டேன். போன்லேர்ந்தே போகும். கொஞ்சம் பெரிசு, இறங்க நேரமாகும்.

மூத்தவள்: கீழே மெஷின் வேற தடதடன்னு ஓடிக்கிட்டே இருக்கு. காலையிலேர்ந்து நிறுத்தலை.

இளையவள்: மெஷின் ஓடுதா? எந்த வேலைக்கு?

மூத்தவள்: பில் புக்காம். எங்கேயிருந்து பிடிச்சாரோ. எட்டிப் பாக்கப் போனா, 'மை படும், உள்ள வராதே'ன்னு விரட்டறார். இத்தனை வருஷமா படாத மை இன்னிக்குப் பட்டுடுமாம்.

இளையவள்: ஃபைல் வந்துச்சா?

மூத்தவள்: வந்துச்சு... திறக்கறேன்... ம்ஹூம்.

இளையவள்: என்ன ம்ஹூம்?

மூத்தவள்: இதுவும் போச்சும்மா. எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு. இது மெயில்ல அனுப்பினா ஆகாது. உன் வீட்டுக்காரரே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு நேர்ல வந்தாத்தான்...

இளையவள்: எது கட்டம் கட்டமா?

மூத்தவள்: எழுத்துதான்.

இளையவள்: எந்தப் பக்கத்துல?

மூத்தவள்: எல்லாப் பக்கத்துலயும்.

இளையவள்: அக்கா.

மூத்தவள்: என்ன?

இளையவள்: ஃபான்ட் உள்ளேயே இருக்கற பிடிஎஃப்ல எழுத்து எப்படிக்கா மாறும்? நான் போன்லயே திறந்து பார்த்தேன், பளிச்சுன்னு இருக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்களே.

மூத்தவள்: இந்த ஓட்டை லேப்டாப்ல...

இளையவள்: லேப்டாப் மேல பழியைப் போடாதீங்க. ஃபைல் நல்லாத்தான் வந்திருக்கு. ஏன் பொய் சொல்றீங்க?

மூத்தவள்: நல்லாத்தான் வந்திருக்கு. போதுமா? கெட்டுப் போச்சுன்னு சொன்னாலாவது உன் வீட்டுக்காரர் இந்தப் படியேறி வருவார்னு பார்த்தேன். அந்த மெஷின்காரன் அளவு நாடாவோட வந்து நிக்கறதுக்கு முன்னாடி அண்ணனும் தம்பியும் ஒரு ரூம்ல நின்னுட்டா போதும். ஒரு நிமிஷம் முகத்தைப் பார்த்துட்டா இவருக்கு விக்க மனசு வராது. எனக்குத் தெரியும் இவரை.

இளையவள்: ஹஹ்ஹா...

மூத்தவள்: சிரிக்கறியா? நான் இங்கே தவியாத் தவிக்கறேன், நீ சிரிக்கறே.

இளையவள்: அதுக்கில்லைக்கா... நான் ஃபான்ட்டை மறக்கவே இல்லை.

மூத்தவள்: என்னது?

இளையவள்: படத்தையும் மறக்கலை. ரெண்டையும் ஒதுக்கி வெச்சுட்டுத்தான் அனுப்பினேன். கடுப்பாகி பெரியவரே இவரைக் கூப்பிட்டு ரெண்டு திட்டு திட்டுவார்னு பார்த்தேன். திட்டினாலும் பேச்சுதானே?

மூத்தவள்: அடிப்பாவி. போன வாரம்?

இளையவள்: போன வாரம் வேற. அன்னிக்கு உங்களோட பேசணும்போல இருந்துச்சு.

மூத்தவள்: அதுக்கு முந்தின வாரம் பக்கமெல்லாம் ஓரம் வெட்டுப்பட்டு வந்துச்சே?

இளையவள்: அதுவும்தான்.

மூத்தவள்: நான் என்ன பத்தினியா? நீ ஒழுங்கா அனுப்பினதுல பாதியை நான் வரலைன்னு சொல்லியிருக்கேன்.

இளையவள்: ரெண்டு வருஷமா இப்படியா ஓட்டினோம்?

மூத்தவள்: அந்தப் பாட்டுப் புத்தகத்துல பக்கம் மாறி அச்சானதுக்கு நாம போட்ட சண்டைதானே எல்லாத்துக்கும் ஆரம்பம். ஆளுங்க முன்னாடி உன்னைக் கண்ணு தெரியாதவளான்னு கேட்டேன்.

இளையவள்: நான் மட்டும் சும்மா இருந்தேனா? தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தினேன். நாம கத்தினதுல அவங்க ரெண்டு பேரும் வெட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

மூத்தவள்: நாம ஒட்டிக்கிட்டோம், அவங்க ஒட்டலை. ஆம்பளைங்க ரோஷம்.

இளையவள்: இப்ப என்ன பண்றது, சொல்லுங்க. முதல்ல அந்த பிடிஎஃப்பைப் பிளேட் கடைக்கு அனுப்புங்க. நான் வெளியே போய், அண்ணன் உடனே வரச் சொன்னார்னு இவர்கிட்ட ஒரு பொய் சொல்லிடறேன்.

மூத்தவள்: வந்து இவர்கிட்ட கேட்டுட்டா? நான் எப்போ கூப்பிட்டேன்னு இவர் சொல்லிட்டா?

இளையவள்: வந்ததுக்கப்புறம் என்ன கேட்டா என்ன? வாசல் தாண்டினா போதும்.

மூத்தவள்: இரு, மெஷின் சத்தம் நின்னுடுச்சு... யாரோ படியேறி வர்ற மாதிரி... ஆமாங்க, தாள் இன்னிக்கே வேணுங்க, அட்டைக்கு...

மூத்தவரின் குரல்: அந்த போனை இப்படிக் குடு.

மூத்தவள்: தாள் கடைக்காரர்ங்க. அவர்கிட்ட நீங்க எதுக்கு...

மூத்தவர்: குடுன்னா குடு. ம்... ஏம்மா, முதல்ல குழாயை மூடு. தொட்டித் தண்ணி மொத்தமும் வீணாப் போகுதாம்.

இளையவள்: ...மாமா? உங்களுக்கு எப்படி...

மூத்தவர்: உன் புருஷன்தான் சொன்னான். கதவுக்கு வெளியிலதான் நிக்கறான், நீ பேசறதையெல்லாம் கேட்டுக்கிட்டு.

மூத்தவள்: அவர் எப்போ உங்ககிட்ட சொன்னார்?

மூத்தவர்: இப்பத்தான், போன்ல. ஆண்டு மலர் அச்சு முடிஞ்சுது. காலையிலேர்ந்து ஓடினது அதான். உங்க ரெண்டு பேர் மெயிலையும் நம்பி இருந்தா பள்ளிக்கூடத்துல வெறும் தட்டைத்தான் மேடையில ஏத்தியிருப்பாங்க. அவன் நேத்தே பிளேட் கடைக்கு நேரா பிடிஎஃப் அனுப்பிட்டான். எப்பவுமே அப்படித்தான். நீ அனுப்பறதை அந்தக் கடைக்காரர் திறந்துகூடப் பாக்கறதில்லை.

மூத்தவள்: அப்போ மெஷினை விக்கறது?

மூத்தவர்: யார் விக்கறா? வர்றவர் மெஷினைக் கழட்டி மாட்டறவர். தம்பி வீட்டுக் கீழ்த்தளம் காலியாத்தானே கிடக்கு, அங்கே கொண்டுபோய் நிறுத்தலாம்னு இருக்கோம். இன்னிக்கு எப்படியாவது உங்ககிட்ட சொல்லிடணும்னு காலையிலேர்ந்து அவன் அங்கே நடக்கறான், நான் இங்கே நடக்கறேன். சரி, கீழே வா, தாளெல்லாம் மடிச்சுத் தைக்கணும். நீயும் கிளம்பி வாம்மா.

இளையவள்: வர்றேன் மாமா, வர்றேன்... ஆனா இவ்வளவும் நடந்திருக்கு, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

மூத்தவர்: எப்படிம்மா சொல்றது? நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்க மாட்டீங்கன்னு பயந்துக்கிட்டுதானே, ரெண்டு வருஷமா நாங்க அண்ணன் தம்பி திருட்டுத்தனமா பேசிக்கிட்டிருக்கோம்.