மந்திரித்த வில்லோ கிளைகளை ஆற்றங்கரையில் நட்டது குறித்து

என் பெயர் ராலிட்சா குனெவா. வயது இருபத்து நான்கு. தகப்பனார் பெயர் ப்ளாமென் குனெவ். டோல்னி ப்ரோட் கிராமத்தில், பாலத்தை ஒட்டிய வீட்டில் பெற்றோருடன் வசிக்கிறேன். சோஃபியாவில் மண்ணியல் படித்துப் பட்டம் பெற்றேன். எங்கள் வீட்டில் வேறு யாரும் கல்லூரிக்குப் போனதில்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் ஆற்றில் சரளை அள்ளும் குத்தகைதாரர் டோன்சோ மிட்கோவ், லாரிகள் இறங்க வழி வேண்டுமென்று, எங்கள் ஊர் ஆற்றங்கரையில் நின்ற வில்லோ மரங்களை வேரோடு பிடுங்கினார். அதன் பிறகு பனி உருகி வெள்ளம் வந்தபோது, வேர்ப்பிடிப்பு இல்லாத கரையின் அடியை நீர் அரித்து, மேல்மண் அந்தரத்தில் தொங்கி, பாளம் பாளமாக ஆற்றில் விழுந்தது. அதன் பிறகு கீழே சாவா என்பவரின் மீன் பண்ணையில் வண்டல் படிந்து, ட்ரௌட் மீன் முட்டைகள் மூச்சடைத்துச் செத்தன. அந்தச் சேறு என் தகப்பனார் உழுத மேட்டு நிலத்திலிருந்து வந்ததாக மிட்கோவ் புகார் கொடுத்ததால், அங்கே இனி உழக்கூடாது என்று உத்தரவாகும் நிலை ஏற்பட்டது. எங்களுக்கு வேறு நிலம் இல்லை.

அதன் பிறகு ஊர்க் கூட்டத்துக்கு, பண்ணையில் அள்ளிய சேற்றை வாளியில் கொண்டுபோனேன். எங்கள் நிலம் செம்மண். வாளியில் இருந்தது கரையின் அடியில் உள்ள நீலச் சாம்பல் களி. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் என் குரல் எழும்பவில்லை. மிட்கோவ், "பாப்பா சேத்துல விளையாடுது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ ப்ளாமெனு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தகப்பனார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு வந்த குருத்தோலை ஞாயிறன்று, குருத்தோலைக்குப் பதிலாக மேலாற்றில் வெட்டிவந்து கோயிலில் மந்திரித்த வில்லோ கிளைகளை வழக்கம்போல் வாசல் கதவில் செருகாமல், நானும் ஊர்ப் பெண்களும் சரிந்த கரையில் நட்டோம். அந்தக் கிளை ஈர மண்ணில் வேர் விடும். விட்டால் கரை நிற்கும். மறுநாள் மிட்கோவின் பொக்லைன் வந்தது. ஓட்டுநர் கென்சோ கிளைகளைப் பார்த்ததும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். "ஏறுடா, வெறும் குச்சிதானே" என்று மிட்கோவ் கத்தினார். கென்சோ, "கோயில்ல மந்திரிச்ச குச்சி முதலாளி. எங்கம்மா நட்டதும் இதுல இருக்கு. தைரியம் இருந்தா நீங்களே ஏத்துங்க" என்று சாவியை நீட்டினார். மிட்கோவ் வாங்கவில்லை. போலீசுக்குப் போன் செய்தார்.

குத்தகை இடத்தில் நுழைந்து வேலையைத் தடுத்ததாக என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். கிளைகளைப் பிடுங்கிவிட்டு, தெரியாமல் செய்தேன் என்று எழுதிக்கொடுத்தால் வழக்கு இல்லை என்று அதிகாரி சொன்னார். நான் பிடுங்க மாட்டேன்.

இந்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டியதைக் கேட்டேன். ஒரு சொல் தவிர மற்றதெல்லாம் நான் சொன்ன உண்மை. நான் கிளைகளை நட்டது 'தெரியாமல்' என்று அவர்கள் எழுதியிருந்ததை என் கையால் அடித்து, 'தெரிந்தே' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ராலிட்சா குனெவா