நமுத்துப் போகாத திரி

ராத்திரி மணி ஏழரை இருக்கும். ஆமத்தூர் விலக்கில் ஆரோக்கியத்தை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. ஊருக்கு இன்னும் ஒரு மைல். ஈ காக்கா கிடையாது... இரண்டு பக்கமும் கரிசல் காடு, நடுவில் மண் ரோடு. விளக்கைத் தணித்துவிட்டுக் கிட்ட வந்து உட்காருங்கள். கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆரோக்கியம் நம் இன்பராஜுக்குச் சொந்தச் சித்தி. விருதுநகரில் நர்ஸ். அறுபத்து நாலாம் வருசம், ஐப்பசி மாதம் நடந்தது.

அவள் புருஷன் ஞானமுத்துவுக்குத் தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் திரி வேலை. கடலுக்கு அடியில் நெருப்புக் கக்கும் மலைத்தொடர் இருக்கிறதாம். அதை ஆராய ஒரு கப்பல் போனது. தண்ணீரில் வெடி போட்டு, அந்தச் சத்தம் அடியில் மோதித் திரும்புவதைக் கருவியில் கேட்பார்கள். மலை எப்படி இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். வெடி போடத்தான் இவரைக் கூட்டிப் போனார்கள்.

ஒருநாள் போட்ட வெடி வெடிக்கவில்லை. மிதவையோடு ஆடிக்கொண்டு கிடந்தது. அந்தத் திரி தண்ணீருக்குள்ளும் எரியும் என்று அவருக்குச் சொல்லித்தான் இருந்தார்கள். ஆனாலும் நம்மூர்க்காரர் அல்லவா... தண்ணீரில் முங்கிய திரி நமக்கு என்றைக்கு எரிந்திருக்கிறது? "நமுத்துப்போச்சுய்யா, நான் போய் எடுத்தாரேன்" என்று சிறு படகில் போனார்.

அடக்கம் பண்ண ஒரு விரல்கூடக் கிடைக்கவில்லை. ஆரோக்கியம் தாலியைக் கழற்ற மாட்டேன் என்றாள். கல்லறை இல்லாமல் நான் எங்கே போய் அழ என்று கேட்டாள்.

சரி, ரோட்டுக்கு வருவோம். பாதி தூரம் வந்திருப்பாள்... பின்னால் சளக்... சளக்... ஈரக்காலோடு யாரோ நடக்கிற சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது. அன்றைக்கு மழையே இல்லை, ரோடெல்லாம் புழுதி. கருமருந்து வாசனை வந்தது. அதோடு கருவாட்டுக் கூடையைத் திறந்த மாதிரி உப்பு வீச்சம்.

பயந்து ஓட வேண்டியவள், திரும்பினாள்.

"வந்துட்டீகளா?"

பத்தடி தள்ளி அவர்தான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எதையோ நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்... அதிலிருந்து உஸ்ஸ்... என்று ஒரு சத்தம்.

"கிட்ட வராத ஆரோக்கியம்... திரி இன்னும் எரியுது."

"எப்ப அணையும்? சொல்லுங்க."

"தெரியலையே..." என்று அழுதார். "தூக்கிப் போடவும் முடியல. எம்புட்டு நேரமா பிடிச்சிக்கிட்டு நிக்கேன்... நீ வீட்டுக்குப் போ புள்ள."

செத்த பிறகும் பொண்டாட்டிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று தள்ளி நிற்கிற மனுஷன்! அவள் போகவில்லை. ஓடிப்போய் இரண்டு கையாலும் அவரைக் கட்டிக்கொண்டாள்.

விடியக்காலம் வண்டிக்காரர் செல்லச்சாமி அவளை ரோட்டில் கண்டார். உயிர் இருந்தது. சேலை தொப்பலாக நனைந்திருந்தது. இரண்டு உள்ளங்கையும் வெந்திருந்தன.

ஊரில் எத்தனையோ பட்டாசுக் காயத்துக்குக் கட்டுப் போட்டவள், தன் கைக்கு மருந்து போட விடவில்லை. அக்கா தேவமணி களிம்போடு வந்தபோது கையை மடக்கிக்கொண்டாளாம்.

"ஆறிடுச்சுன்னா, அவரு தொட்டதுக்கு எங்கிட்ட வேற என்னக்கா இருக்கு?"

மருந்து போடாவிட்டாலும் நாளாக ஆக ஆறிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆறவில்லை. இன்பராஜ் கண்ணால் பார்த்திருக்கிறான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறுகிற மாதிரி அந்தக் கொப்புளங்களில் தண்ணீர் ஏறுகிறதாம்... விடிவதற்குள் வடிந்துவிடுகிறதாம்.