தலையணைக்கு அடியில் அம்மன் பாட்டு

மேனகா: மாமா, கொஞ்சம் இப்டி வா. இது எப்டி உன் தலகாணிக்கு அடியில வந்துச்சு?

காத்தவராயன்: எது?

மேனகா: இதான். வீராம்பட்டினம் தேர்ல நான் வாங்கியாந்த அம்மன் பாட்டு புஸ்தகம். பரண் மேல தூக்கிப் போட்டு ஒரு வருசத்துக்கு மேல ஆவுது.

காத்தவராயன்: அதுவா... எலி கிலி இழுத்துப் போட்டிருக்கும்.

மேனகா: எலி பக்கத்த மடிச்சு வேற வெக்குமா?

காத்தவராயன்: இன்னாத்துக்கு இப்டி கேள்வி மேல கேள்வி? படிப்பகத்துல கூட்டம். சாமி இல்லன்னு பேசணும்னா பாட்டுல இன்னா எழுதியிருக்குதுன்னு தெரிய வேணாமா? இளஞ்செழியன் தோழர்தான் படிச்சுட்டு வரச் சொன்னாரு.

மேனகா: அப்டியா? காலையில பெரிய மார்க்கெட்ல அவரப் பாத்தேன். படிப்பகத்துல சுண்ணாம்பு அடிக்கறாங்க, இந்த மாசம் கூட்டமே கெடையாதுன்னாரு.

காத்தவராயன்: அவரா சொன்னாரு? அவருக்கு... அவருக்கு ஞாபக மறதி.

மேனகா: நல்லா வாயில வருது எனக்கு.

காத்தவராயன்: என்ன வுடு. கேலண்டர் தாள்ல அட்ட போட்டு நீ ஒரு புஸ்தகம் ஒளிச்சு வெச்சிருக்கியே, அத நான் கேட்டனா?

மேனகா: அத எதுக்கு நீ தொட்ட?

காத்தவராயன்: நான் எங்க தொட்டேன், பேன் காத்துல தொறந்துச்சு. மொதப் பக்கத்துலயே கெணத்துல பொணம்! மாசமா இருக்கறவ தூங்கப் போறப்ப படிக்கறதா இது? ராத்திரியில நல்லதா நாலு படின்னு நர்சம்மா சொன்னாங்களா இல்லியா?

மேனகா: நல்லதுன்னா?

காத்தவராயன்: நல்லதுன்னா... மனசுக்குத் தெம்பா...

மேனகா: சாமி பாட்டா? நீயா மாமா சொல்ற? நம்ம கல்யாணத்துல மந்திரமே வேணாம்னு மைக்கப் புடிச்ச ஆளு!

காத்தவராயன்: நான் பாட்டுன்னு சொல்லவே இல்லியே! அய்யோ, எனக்கே ஒன்னும் புரியல. நீ வேற...

மேனகா: எனக்கு மட்டும் புரியுதா? போன வாட்டி தெனம் ராத்திரி வயித்துல கைய வெச்சிகினு இந்தப் பாட்டத்தான் படிச்சேன். அஞ்சாவது மாசம்...

காத்தவராயன்: மேனகா, வேணாம்.

மேனகா: இல்ல, சொல்லிடறேன். தப்பு எம்மேலயா, அந்த ஆத்தா மேலயான்னு தெரியல. யாரக் கேக்கறது? கொலக் கதையில கடைசிப் பக்கத்துல யாரு பண்ணுனதுன்னு சொல்லிடறாங்க மாமா. அதப் படிச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது.

காத்தவராயன்: இதுவும் அஞ்சாவது மாசம்.

மேனகா: தெரியும். நாளைக்கி ஸ்கேனு.

காத்தவராயன்: பயமா இருக்குதா?

மேனகா: உனுக்கு?

காத்தவராயன்: எனக்கு இன்னா பயம்? டாக்டரம்மா எல்லாம் நல்லாத்தான இருக்குதுன்னு...

மேனகா: என் மூஞ்சியப் பாத்து சொல்லு. அந்தப் புஸ்தகத்த எதுக்கு பரண்லேருந்து எறக்குன?

காத்தவராயன்: நம்பிக்க கிம்பிக்க எல்லாம் இல்ல. அத மொதல்ல தெரிஞ்சிக்கோ.

மேனகா: சரி.

காத்தவராயன்: நீ ஆத்தாகிட்ட கேக்கறத வுட்டுட்ட. புள்ளைக்காக வூட்ல ஒருத்தராவது கேக்கணுமில்ல? நம்பாதவன் கேட்டா செல்லுமா செல்லாதான்னு கூடத் தெரியல. நீ தூங்குனப்புறம் உன் வயித்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துகினு... மெதுவா. அவ்ளோதான். தோழர்கிட்ட மட்டும் சொல்லித் தொலைக்காத.

மேனகா: போ மாமா...

காத்தவராயன்: ஏய், அழுவறியா?

மேனகா: இன்னிக்கி கொஞ்சம் சத்தமாப் படி மாமா. தூங்கற மாதிரி கண்ண மூடிகினு எத்தினி நாளுதான் நானும் காதத் தீட்டிகினு கெடக்கறது? பாதி வரி எனக்கும் கேக்கல, உள்ள இருக்கறதுக்கும் கேக்கல.