பக்கத்துத் தட்டு

“இன்னும் பசிக்குதா சிஸ்டர் உங்களுக்கு?” என்று அவள் என்னைக் கேட்டாள். சாதாரணக் கேள்விதான். எந்த வீட்டிலும் எந்த அம்மாவும் ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்பது. கேட்ட இடம்தான் சரியில்லை.

தலைமை இல்லத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து, இந்த ஆட்டம் காணும் நாற்காலியில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். எனக்கு முதல் என்றால் அந்தக் கேள்விதான். அதற்கு முன்னால் என்மேல் ஒரு குற்றமும் கிடையாது. யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

ஊரில் எங்கள் இல்லத்துச் சாப்பாட்டு அறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் இல்லத்தில் அந்த வழக்கம் எப்போதோ போய்விட்டது என்று கேள்வி. எங்களிடம் இருக்கிறது. இரண்டிரண்டு பேராக உட்காருவோம். இரண்டு பேருக்கும் நடுவில் மூடி போட்ட ஒரு பாத்திரம். தன் தட்டில் தானே போட்டுக்கொள்ளக் கூடாது, பக்கத்தில் இருப்பவள்தான் போட வேண்டும். வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. பக்கத்துத் தட்டைப் பார்த்து, அவளுக்கு என்ன தேவையென்று இவளே அறிந்து போட வேண்டும். இருவரில் மூத்தவள் பாத்திரத்தை மூடினால் சாப்பாடு முடிந்தது. ஒருத்தி புனிதர் வரலாறு வாசிப்பாள், மற்றவர்கள் பேசுவதில்லை. சபையை ஆரம்பித்த அம்மையார், பிறர்மேல் அன்பு செலுத்த இதைவிடச் சுலபமான பயிற்சி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று தெரியவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஒன்பது வருஷம் ஒரு வயதான சிஸ்டர் உட்கார்ந்தார். இரண்டு கண்ணிலும் புரை. தடவித் தடவி ஒரு கரண்டி எடுப்பார். பாதி என் தட்டில் விழும், மீதி மேஜைவிரிப்பில் விழும். விரிப்பைத் துவைக்கிறவளும் நான்தான், ஏனென்றால் சலவை அறை என் பொறுப்பு. பிறகு அவர் மூடியைப் போட்டுவிடுவார். நான் ஒன்றும் சொன்னதில்லை. அந்தப் பசியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். மற்றவர்களுக்குப் பாடத் தெரியும், படிப்பு உண்டு, நல்ல குடும்பம் உண்டு. எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த ஒன்று.

வயதானவர் நோயாளர் அறைக்குப் போனார். அவர் இடத்தில் இவள் வந்து உட்கார்ந்தாள். நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு மடத்தில் சேர்ந்தவள். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், அதனால் எல்லோரும் பம்பரம் என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் மதியம் எனக்கு ஒரு கரண்டி போட்டாள், இரண்டு கரண்டி போட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அவள் என் கையைப் பார்த்தாள், மணிக்கட்டைப் பார்த்தாள். நர்ஸ் இல்லையா, அந்தப் பழக்கம். அப்புறம்தான், சாப்பாட்டு நேரத்தில் பேசக் கூடாது என்பதையும் மறந்து, அந்தக் கேள்வியைக் கேட்டாள். வாசித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். அறை முழுக்கத் திரும்பி, வழித்து வைத்த என் தட்டைப் பார்த்தது.

சாயங்காலம் எங்கள் மதர் என்னைக் கூப்பிட்டார். “ஒன்பது வருஷமா அரை வயித்தோடவா இருந்தே? வாயத் தெறந்து சொல்லக் கூடாதா, பைத்தியமே?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லக் கூடாது என்பதுதான் சட்டம் என்று நான் சொல்லவில்லை. வெளியே வந்தபோது இரண்டு பேர் வராந்தாவில் எனக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வருஷத் தவம். ஒரே கேள்வியில் அவள் அதை வெறும் பட்டினி ஆக்கிவிட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் தட்டில் ஒரு கரண்டி போட்டேன். பிறகு மூடியை மூடினேன். மூத்தவள் நான்தானே. வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போயிற்று. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கேட்கவில்லை. மதியம் பேசியதற்கு மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வைத்திருந்தார்கள், அதனால் இனி கேட்கவும் மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாளும் ஒரு கரண்டி. அதற்கடுத்த நாளும். நான் அவளிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாள்கூட வெறும் தட்டோடு அவளை எழுப்பவில்லை. எனக்கு என்ன கிடைத்ததோ அதைத்தான் கொடுத்தேன். எனக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் சுத்தமாக, விரிப்பில் சிந்தாமல். அவளோ எனக்கு அள்ளி அள்ளிப் போட்டாள். முட்டை இருக்கிற நாளில் பெரிய துண்டு எனக்கு. பால் இருந்தால் விளிம்பு வரை. பழிவாங்குகிறாளோ என்று சில நாள் பார்த்தேன். இல்லை. அவள் மனசு அப்படி. அதைத் தாங்கிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும்.

மிஷனுக்கு ஆள் கேட்டு அறிவிப்பு வந்தது அந்தச் சமயத்தில்தான். கடல் தாண்டி, இதோ நாம் உட்கார்ந்திருக்கிற இந்த இடத்துக்கு. ஒருத்திதான் போக முடியும், நர்ஸாக இருந்தால் நல்லது, வைத்தியப் பரிசோதனையில் தேற வேண்டும். பொழுதுபோக்கு நேரத்தில் மதர் வாசித்ததும் பம்பரம் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“இதுக்காகத்தான் அக்கா நான் மடத்துக்கே வந்தேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தனியாக இருக்கும்போது என்னை அக்கா என்பாள், அன்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். “அங்க ஆஸ்பத்திரியே கிடையாதாம். நான் போனா நான்தான் டாக்டர், நான்தான் நர்ஸ், நான்தான் வாட்ச்மேன்.”

“அப்படியே நோயாளியும் நீயே இருந்துக்கோ, செலவு மிச்சம்” என்றார் சமையல் சிஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மிஷனுக்கு நான் இரண்டு முறை விண்ணப்பித்தவள். இரண்டு முறையும் அதே வைத்தியர் என்னைத் தராசில் ஏற்றி நிறுத்தி, உதட்டைப் பிதுக்கினார். “இந்த உடம்ப வெச்சுக்கிட்டு நீங்க கப்பல் ஏறினா, இறக்கறப்ப தூக்கித்தான் இறக்கணும்” என்றார். ஆகவே எடை குறைந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பரிசோதனைக்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருந்தது. இதை நான் ஒளிக்கவில்லை.

சமையல் சிஸ்டர் ஒரு நாள் என்னை மடக்கினார். “உங்க ஜோடி பாத்திரம் மட்டும் பாதி திரும்பி வருதே. ஏன், என் கைப்பக்குவம் போயிடுச்சா?”

“அவங்களுக்குச் சின்ன வயிறு சிஸ்டர்” என்றேன்.

“அவளுக்கா? காலையில அடுப்படிப் பக்கம் வந்து மோப்பம் பிடிச்சிட்டு நிக்கறா. கேட்டா, ‘சும்மா, குளிருக்கு’ங்கறா.”

சாப்பாட்டு நேரம் தவிர வாயில் எதையும் போடக் கூடாது என்பதும் சட்டம்தான். அவள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. நானும் மீறவில்லை. இரண்டு பேரும் நல்ல துறவிகளாக இருந்தோம்.

அவள் அங்கி இடுப்பில் தொளதொளத்தது. சலவைக்கு வந்தபோது பார்த்தேன். ஒரு விரல் அளவு பிடித்துத் தைத்தேன். பிறகு இன்னொரு விரல். தோளில் கொஞ்சம், கைப்பகுதியில் கொஞ்சம். மற்றவர்கள் அங்கியைத்தான் பார்ப்பார்கள், உள்ளே இருக்கிற ஆளைப் பார்ப்பதில்லை. அங்கி உடம்போடு ஒட்டி நின்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைப்பார்கள். ஒரு நாள் அவள் வந்து, “நான் கேக்காமலே தெச்சு வெச்சிருக்கீங்க. உங்களுக்கு என்மேல எவ்வளவு பிரியம் அக்கா” என்றாள். என் அங்கியையோ நான் பிரித்துப் பிரித்து அகலமாக்க வேண்டியிருந்தது. முகத்தில் களை வந்திருக்கிறது என்றார்கள். மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குவது நின்றுவிட்டது.

பரிசோதனையில் வைத்தியர் அவளைத் தேறவில்லை என்று எழுதினார். ரத்தம் இல்லை, எடை இல்லை. மதர் அவளை அறைக்குக் கூப்பிட்டார், என்னையும் கூப்பிட்டார்.

“திருட்டுத்தனமா உபவாசம் இருக்கியா?”

“இல்ல மதர்.”

“பின்ன? நல்லா சாப்பிடறவ இப்படியா தேஞ்சு போவா?”

“குடுக்கறத சாப்பிடறேன் மதர்.”

மதர் என் பக்கம் திரும்பினார். “பக்கத்துல உக்காரறவ நீதானே. நீ சொல்லு.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குப் போடவில்லை என்று அவள் சொன்னால், அது கேட்பது ஆகிவிடும், என்மேல் புகார் சொல்வதும் ஆகிவிடும். அவள் இரண்டையும் செய்யமாட்டாள். நான் யோசித்து, பொய் கலக்காமல் சொன்னேன். “பாத்திரத்துல இருக்கற நல்லதெல்லாம் எடுத்து எனக்கே போட்டுடறாங்க மதர்.”

மதர் வைத்தியர் எழுதிய தாளை மடித்து வைத்தார். பிறகு, தன்னிஷ்டத்துக்குப் பட்டினி கிடந்து புனிதை வேஷம் போடுவதைவிடப் பெரிய ஆணவம் மடத்தில் கிடையாது என்றார். கீழ்ப்படிதல் இல்லாத ஒருத்தியின் துறவற வாக்குறுதியைப் புதுப்பிக்க முடியாது, வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்றார். அவள் ‘சரி மதர்’ என்றாள். அவள் அன்று தலையை நிமிர்த்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் உண்மையைச் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். நாள் நெருங்கிவிட்டது, போக ஒருத்தி வேண்டும். என்னைத் தராசில் ஏற்றினார்கள். வைத்தியர், “அட, பரவாயில்லையே” என்றார். மதரும், “துணி துவைக்கவாவது அங்க ஒரு கை வேணும்” என்று அனுப்பினார்.

இங்கே வந்த பிறகு நான் ஒரு நாளும் வேலையில் குறை வைக்கவில்லை. இந்த ஜனங்கள் நர்ஸ் வருவாள் என்று காத்திருந்தார்கள், அது என் தவறில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் பரவியபோது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். ஈரத்துணி போட்டேன், ஜெபம் சொன்னேன். சில குழந்தைகள் பிழைத்தன. பிழைக்காதவற்றைச் சுற்றிக் கொடுத்த துணிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. அந்தத் தாய்மார்களே தொட்டுப் பார்த்தார்கள்.

அவளுடைய அண்ணன் தலைமை இல்லத்து வாசலில் வந்து நின்று சத்தம் போட்டதாகச் சொல்கிறீர்கள். “வீட்டுல இருந்தப்ப என் தட்டுலயும் கை வெச்சுத் தின்னவ அவ. அவளுக்கா பசிக்கல? சோறு போட்டீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க” என்று கேட்டாராம். வீட்டுக்குப் போன நாலாம் மாதம் மார்பு நோயில் அவள் இறந்துபோனாள் என்றும் சொல்கிறீர்கள். உடம்பில் எதிர்த்து நிற்கத் தெம்பே இல்லை என்று அங்கே டாக்டர் சொன்னாராம். வருத்தமாக இருக்கிறது. அண்ணனுக்குச் சொல்லுங்கள், சோறு போட்டோம். ஒரு கரண்டி.

தெரிந்துதான் செய்தாயா என்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். முதல் இரவு ஒன்றைத் தவிர மற்ற எல்லா நாளும் தெரிந்துதான் மூடியை மூடினேன். அவள் வயிறு சத்தம் போடுவது எனக்குக் கேட்கும். புனிதர் வரலாறு வாசிக்கிறவளின் குரலையும் மீறிக் கேட்கும். ஆனால் நான் அவளை வெறுத்ததாக எழுதிவிடாதீர்கள். அது சரியாக இருக்காது. கடைசி நாளும் அவளுக்கு உதவியது நான் ஒருத்திதான்.

விலகிப் போகிறவர்களை எப்படி அனுப்புவோம் என்று உங்களுக்குத் தெரியும். எல்லோரும் கோவிலில் பாடிக்கொண்டிருக்கும்போது, சலவை அறையின் பின்கதவு வழியாக. விடைபெறுவது கிடையாது. மடத்தில் சேர்ந்த அன்று போட்டிருந்த வீட்டு உடுப்பைச் சலவை சிஸ்டர் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். தடுப்புக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தாள்.

அவளை வேறு உடுப்பில் நான் பார்த்ததில்லை. அது நான் கை வைக்காத உடுப்பு. வந்த அன்று அவளுக்கு அளவாக இருந்தது. இப்போது தோள் ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. பாவாடை இடுப்பில் நிற்காமல் இறங்கியது, ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். குனிந்து தன்னையே பார்த்தாள். மேஜைமேல் அவள் கழற்றி வைத்த அங்கி கிடந்தது, உள்பக்கம் வெளியே தெரிய. வரிவரியாக என் தையல். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விரலால் ஒரு வரியைத் தொட்டாள், அடுத்த வரியைத் தொட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“திரும்புங்க, பின் குத்திவிடறேன்” என்றேன்.

திரும்பினாள். துணியை மடித்து, மடிப்பு வெளியே தெரியாதபடி, தோலில் படாமல் பார்த்துக் குத்தினேன். கோவிலில் பாட்டு முடியப் போகிற நேரம், அவசரத்தில் செய்தாலும் நேர்த்தியாகத்தான் வந்தது. அந்தப் பின்கூட மடத்துப் பொருள் இல்லை, என்னுடையது. திரும்பக் கேட்கவும் இல்லை. ஒரு நன்றியாவது சொல்வாள் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒன்றுமே சொல்லாமல் அவள் போய்விட்டாள்.